மூன்றாம் வகுப்புப் பயணியின் உடல்நலம்

வெப்பமண்டல நாட்டில் பயணியின் உடல்நலம் என்ற வரலாறு பெரும்பாலும் ஐரோப்பியப் பயணியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. காய்ச்சி ஆறிய நீர், கொயினா, கொசுவலை என அவருக்கு வழிகாட்டிய கையேடுகள் பல. அதே நாட்டில் பயணம் செய்த இந்திய யாத்ரீகரோ, காலனிய ஆவணங்களில் நோய்க்கு ஆளாகுபவராக அன்றி நோயைச் சுமந்து செல்பவராகவே காட்சியளிக்கிறார். 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு காலராவின் பிறப்பிடம் இந்தியா என்றது. அது பரவுவதில் யாத்திரைகளுக்குள்ள பங்கையும் வலியுறுத்தியது. மறு ஆண்டே ஹரித்துவார் கும்பமேளாவை அடுத்து வட இந்தியாவில் காலரா பரவ, அக்கருத்து மேலும் வலுப்பெற்றது.

யாத்ரீகரோடு உடன் அமர்ந்து எழுதப்பட்ட சான்றுகள் குறைவு. அவ்வகையில் காந்தியின் இரு பதிவுகளை நம் மாணவர்கள் மருத்துவ வரலாற்று ஆவணங்களாகவும் படிக்க வேண்டும்.

முதலாவது, 1915 கும்பமேளாப் பயணம் பற்றித் தன்வரலாற்றில் அவர் எழுதியது. சகாரன்பூரிலிருந்து யாத்ரீகர்கள் சரக்கும் கால்நடையும் ஏற்றும் பெட்டிகளில் அடைக்கப்பட்டனர். கூரை கிடையாது; மேலே உச்சிவெயில், கீழே தகிக்கும் இரும்புத் தளம். அந்தத் தாகத்திலும் வைதிக இந்துக்கள் 'முஸ்லிம் தண்ணீரை' மறுத்து 'இந்துத் தண்ணீர்' வரும்வரை காத்திருந்தனர். இவர்களே நோயுற்றால் மருத்துவர் தரும் மதுவையும் மாட்டிறைச்சிச் சாற்றையும் தயங்காமல் அருந்துவர் என்று காந்தி குறிப்பிடுகிறார். நீரின் தூய்மை என்ற சொல்லுக்கு அந்த நடைமேடையில் வழங்கிய பொருள் கிருமியியலில் இல்லை.

இரண்டாவது, 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவுகள் பயணித்தபின் எழுதிய கட்டுரை. 22 பேருக்கெனக் குறிக்கப்பட்ட பெட்டி. ராய்ச்சூருக்குப் பின் நெரிசல் தாங்க இயலாததாயிற்று. பெட்டி ஒருமுறையும் பெருக்கப்படவில்லை. கழிப்பறையும் துப்புரவாக்கப்படவில்லை, தொட்டியில் நீரும் இல்லை. இந்நாட்டில் பிளேக் நிலைத்துவிட்டதில் வியப்பென்ன என்று கேட்கும் காந்தி, பயணிகளின் அசுத்தப் பழக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. இவ்விடத்தில் அவரோடு எனக்கு முழு உடன்பாடில்லை. தொட்டி வறண்ட பெட்டியில் எந்த நல்ல பழக்கம் கைகொடுக்கும்? ஆனால் அவர் போட்ட கணக்கு கூர்மையானது. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். அப்படியானால் அங்குள்ள வசதியில் ஐந்தில் ஒரு பங்கு, ஏன், பத்தில் ஒரு பங்கேனும் மூன்றாம் வகுப்புப் பயணிக்குக் கிடைக்கிறதா என்று அவர் கேட்டார்.