போதைக்கு அடிமையாகாத உடன்பிறப்பு

போதைக்கு அடிமையானவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்றே நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள். பிறகு ஸ்கேனில் அவர்களின் மூளையில் வேறுபாடு தெரிந்தது. அது போதையால் வந்ததா, முன்பே இருந்ததா?

2012-இல் கேம்பிரிட்ஜில் கேரன் எர்ஷே குழுவினர் 50 குடும்பங்களிலிருந்து இருவர் இருவராக உடன்பிறந்தவர்களைச் சோதித்தார்கள். ஒருவர் கோகைன் போன்ற போதைப்பொருளுக்கு அடிமை, மற்றவர் அடிமையாகாதவர். வெளியார் 50 பேரோடு ஒப்பிட்டபோது, தன்னைக் கட்டுப்படுத்த உதவும் மூளைப் பகுதிகளில் இருவருக்குமே ஒரே மாதிரி மாறுபாடு! அப்படியானால், அது போதைக்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்குப் பெரிதாகப் படுவது, அதே மாறுபாட்டோடும் அடிமையாகாமல் வாழ்ந்த மற்றவர்தான். வகுப்பில் அடங்காத பிள்ளையை "உருப்படமாட்டான்" என்று சொல்லவரும்போது, ஆசிரிய நண்பர்களே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.