நட்சத்திரங்களைப் பெயரால் தேடியவர்

முஸ்லிம்கள் வானியலுக்கு ஆற்றிய தொண்டைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஆனால் அவர்கள் செய்த வேலை இன்னதென்று விளக்கிச் சொல்வோர் குறைவு. அதில் ஒரு வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கிரேக்க அறிஞர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 1,022 நட்சத்திரங்களைப் பட்டியலிட்டார். அரபியில் 'அல்மஜஸ்தி' எனப்படும் நூலில் அது உள்ளது. அதில் பெரும்பாலான நட்சத்திரங்களுக்குப் பெயரில்லை. 'வலது தோளில் உள்ள செந்நிற நட்சத்திரம்' என்பது போன்ற வர்ணனையே உண்டு. அரபுப் பாலைவன மக்களிடமோ நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தன, பட்டியல் இல்லை. ஒருவருக்கு 'யதுல் ஜவ்ஸா' (ஜவ்ஸாவின் கை) என்ற பெயர் தெரிந்திருந்தாலும், அதை வைத்துக்கொண்டு தாலமியின் நூலில் தேடினால் கிடைக்காது. அங்கே அது கை அல்ல, தோள்!

இந்த இரண்டையும் இணைத்தவர் ஹிஜ்ரி 291 (கி.பி. 903) இல் ரய் நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்கள். புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில், கி.பி. 964 அளவில் 'ஸுவருல் கவாகிப்' என்னும் நூலை எழுதினார். தாலமியின் 48 நட்சத்திரக் கூட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இன்ன நட்சத்திரத்தைத்தான் அரபியர் இன்ன பெயரால் அழைக்கின்றனர் என்று பொருத்திக் காட்டினார். ஒவ்வொரு கூட்டத்திற்கும் இரண்டு படங்கள்: ஒன்று வானில் நாம் காண்பது போல், மற்றொன்று வான்கோளத்தின் மீது காண்பது போல்.

வானத்தைப் பாராமல் கிதாபைப் பார்த்தே கிதாப் எழுதியவர்களை அவர் கண்டித்தார். (இது நமக்கும் சற்று உறைக்கத்தான் செய்கிறது.) ஆயினும் அவர் எல்லாவற்றையும் புதிதாக அளந்துவிடவில்லை. ஒளியின் அளவைத் தம் கண்ணால் கணித்தார். இருப்பிடத்திற்கோ தாலமியின் தீர்க்க ரேகைகளுடன் 12 பாகை 42 கலையைக் கூட்டிக்கொண்டார். பெரும்பாலானவற்றை மறுபடி அளந்த பட்டியல், 1437 இல் சமர்கந்தில் உலூக் பேக் அவர்களால்தான் வந்தது. முன்னோரைப் புகழ்வதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

பெயர் மட்டும் ஏன் போதாது? 'தனப்' என்றால் வால். கோழியின் வால், சிங்கத்தின் வால், வெள்ளாட்டின் வால் என வானில் பல வால்கள் உள்ளன. டெனெப், டெனெபோலா, டெனெப் அல்கெடி என்று இன்று வழங்குபவை அவைதாம். பெயரே இல்லாதவையும் உண்டு. ஆண்ட்ரோமெடா பகுதியில் அஸ்ஸூஃபி குறித்துவைத்த சிறு மேகக்கறைக்கு அன்று பெயரில்லை. அவர் சொன்ன இடத்தை வைத்தே அது இன்று எம் 31 எனப்படும் அண்டம் என்று அறிகிறோம்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1972 இல் நிறுவப்பட்ட வானியல் தரவு மையம் நடத்தும் 'சிம்பாட்' பட்டியலும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வான்பொருள்கள் அதில் உள்ளன. நம் ஊரில் திருவாதிரை எனப்படும் நட்சத்திரத்தை அதில் 'பெட்டல்ஜூஸ்' என்று தேடினால், ஆல்பா ஓரியானிஸ், எச்.டி. 39801, ஹிப் 27989 எனப் பிற பட்டியல்களில் அதற்குள்ள பெயர்களும் எண்களும் ஒருங்கே வரும்.

அந்தப் 'பெட்டல்ஜூஸ்' நம் யதுல் ஜவ்ஸாதான். லத்தீனில் பெயர்த்தவர்கள் 'யா'வின் இரண்டு புள்ளிகளை ஒன்றாகக் கண்டு 'பா' என்று வாசித்துவிட்டார்கள். மக்தப் பிள்ளைகளிடம் நாம் தினமும் திருத்தும் அதே பிழை! பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள் அந்தப் 'பா'வுக்குப் பொருள் தேடி 'அக்குள்' என்றுகூட விளக்கம் எழுதினர். 2016 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நட்சத்திரப் பெயர்களை முறைப்படுத்தியபோது, புள்ளி தவறிய அந்தப் பெயரையே அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது.