ஆகி (ஆவணப்படம்)

‘ஆகி’, அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் ஆக்னஸ் கண்ட் (1938–2025) பற்றிய ஆவணப்படம். அவருடைய மகள் கேத்தரின் கண்ட் இயக்கிய இப்படம் 2020-இல் சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. கிளீவ்லாந்தின் வங்கியாளர் குடும்பத்தில் பிறந்த ஆக்னஸ், 1991 முதல் 2002 வரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். தன் வீட்டுச் சுவரில் இருந்த ராய் லிக்டென்ஸ்டைனின் ‘மாஸ்டர்பீஸ்’ (1962) ஓவியத்தை 16.5 கோடி டாலருக்கு விற்று, அதில் 10 கோடியை முதலாகப் போட்டு, 2017-இல் ‘ஆர்ட் ஃபார் ஜஸ்டிஸ்’ நிதியத்தைத் தொடங்கினார். அமெரிக்கச் சிறைகளை நிரப்பும் சட்டங்களை மாற்றப் போராடுவோருக்கும் கலைஞர்களுக்கும் அது பணம் தந்தது. அவரைத் தூண்டியவற்றுள் ஒன்று அமெரிக்கச் சிறைகளைப் பற்றி அவா டுவெர்னே எடுத்த ‘13த்’ என்ற ஆவணப்படம். இன்னொன்று, கறுப்பினத்தவரான தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிய அச்சம்.

படம் காட்டும் கொடையின் பெருமை தொகையின் அளவில் இல்லை. கொடுத்த விதத்தில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் வழக்கமாக ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பார்கள். வரிச்சலுகை கிடைக்கும், பெயர்ப்பலகையும் சுவரில் நிலைக்கும். இங்கே ஓவியமே கைவிட்டுப் போயிற்று. நிதியமும் நிரந்தரமாக இருக்க எண்ணாமல், 12.5 கோடி டாலருக்கு மேல் வழங்கிவிட்டு 2023-இல் தன்னை மூடிக்கொண்டது. மகள் எடுத்த படம் புகழுரையாகத்தானே இருக்கும் என்பது நியாயமான ஐயம். பேசுபவர்களில் பலர் ஆக்னஸின் நண்பர்கள், அவர் ஆதரித்த கலைஞர்கள். கடுமையான கேள்வி கேட்க ஆளில்லை. ஆனால் தன்னைப் பற்றிப் பேசக் கூசும் ஒருவரை மகள்தான் கேமரா முன் உட்கார வைக்க முடிந்திருக்கும். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு: ஏற்றத்தாழ்வில் திரண்ட செல்வம் ஏற்றத்தாழ்வைத் தீர்க்குமா? ஓவியமும் இன்னொரு பெருஞ்செல்வரிடம்தானே போனது? படம் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. ஆயினும், சுமார் 20 லட்சம் பேரை அடைத்து வைத்திருக்கும் அமைப்பின் முன் எந்தத் தனியார் கொடையும் சொற்பமே. அதனால்தான் பணம் நிவாரணத்தோடு நிற்காமல், ஜாமீன் முறையையும் தண்டனைக் காலத்தையும் திருத்தும் முயற்சிகளுக்குப் போனது. அரசின் பொறுப்பைச் செல்வர் ஏற்பதாக இதைப் பார்ப்பதைவிட, அரசு தன் போக்கை மாற்ற வேண்டும் எனக் கேட்பவர்களுக்குச் செல்வர் பணம் கொடுப்பதாகப் பார்ப்பதே பொருந்தும். 1977-இல் நிதி நெருக்கடியால் நியூயார்க் பள்ளிகள் கலை ஆசிரியர்களை இழந்தபோது ஆக்னஸ் தொடங்கிய ‘ஸ்டூடியோ இன் எ ஸ்கூல்’ முந்தைய வகையைச் சேர்ந்தது: அரசு விட்ட இடத்தை அது நிரப்பியது. அங்கிருந்து ‘மாஸ்டர்பீஸ்’ விற்பனைக்கு வர அவருக்கு 40 ஆண்டுகள் பிடித்தன.