பல பார்வைகளில் ஒரு படம்

2003 ஆம் ஆண்டு ஈராக்கின் பஸ்ரா அருகே எடுத்த இரு படங்களை ஒன்றாக இணைத்தமைக்காக லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் தனது புகைப்படப்பிடிப்பாளரைப் பணிநீக்கம் செய்தது. பத்திரிகைத்துறையில் வளர்ந்த எனக்கு அத்தீர்ப்பு சரியென்பதில் இன்றும் ஐயமில்லை. ஆதலால், பூச்சிகளின் துல்லியமான அண்மைப்படங்கள் பலவும் பல படங்களை ஒன்றாக்கிச் செய்யப்பட்டவை என அறிந்தபோது, இதுவும் பொய்தானே என்றே எண்ணினேன்.

ஆனால் இங்கு ஒற்றைப் படம்தான் குறையுடையது. உருப்பெருக்கம் கூடக்கூடத் தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்குகிறது. நான்கு மடங்கில் அது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கையும் எட்டாது. கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கும். வில்லையின் துவாரத்தை மிகவும் ஒடுக்கினாலோ முழுப்படமும் மழுங்கிவிடும்.

இச்சிக்கலை ரொபேர்ட் ஹூக் நன்கறிவார். 1665 இல் லண்டனில் வெளியான 'மைக்றோகிறாபியா' நூலில் அவர் வரைந்த தெள்ளுப்பூச்சி, நூலுக்குள் மடித்து வைக்குமளவு பெரியது. எந்த நுணுக்குக்காட்டியிலும் அப்படியொரு முழுத்தோற்றம் ஒரே பார்வையில் தெரியாது. வெவ்வேறு ஒளியில், வெவ்வேறு நிலையில் பலமுறை பார்த்து உண்மை உருவை உறுதிசெய்த பின்னரே வரைந்ததாக அவரே முன்னுரையில் கூறுகிறார். அசையாதிருக்க மறுத்த எறும்பொன்றை அவர் பிறண்டியில் மயக்கினார். சுமார் ஒரு மணிநேரத்தில் அது எழுந்து ஓடிவிட்டது!

ஹூக்கின் கண்ணும் கையும் செய்ததைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழியை 1983 இல் பைப்பரும் கோர்ப்பெலும் ஆய்விதழொன்றில் விளக்கினர். ஒவ்வொரு படத்திலும் கூர்மையான பகுதியை மட்டும் தெரிந்து சேர்ப்பதே அது. பின்னர் கொம்பைன்இசட் போன்ற இலவச மென்பொருள்கள் வந்தன. 2016 இல் ஒக்ஸ்போர்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லெவொன் பிஸ் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8,000 படங்களின் சேர்க்கை.

என்னிடம் அந்த வசதியில்லை. பழைய 50 மில்லிமீற்றர் வில்லையை வளையமொன்றினால் கமராவில் தலைகீழாகப் பொருத்தினேன். யன்னலோரம் இறந்துகிடந்த குளவியை, திருகாணியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி 34 தடவை எடுத்தேன். இரண்டு மாலைகள் கதவதிர்வில் வீணாகின. மூன்றாவது மாலையில், முகத்தின் முன்மயிர் முதல் சிறகின் அடிவரை ஒருசேரத் தெரிந்தது.

அப்படத்தின் கீழ் '34 படங்களின் இணைப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். பத்திரிகைக்காரனின் பழக்கம்.