நாரி நோவு: காயம் ஆறிய பின்னும் ஆறாத வலி

யாழ்ப்பாணத் தமிழில் 'நாரி' என்றால் இடுப்பின் பின்பக்கம், முதுகின் கீழ்ப்பகுதி. தமிழ்நாட்டு வாசகருக்கோ அச்சொல் பெண்ணைக் குறிக்கும். "நாரி நோகுது" என்று இல்ஃபோர்டில் ஓர் ஈழத்தமிழர் சொல்ல, தொலைபேசியின் மறுமுனையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ஒரு கணம் திகைக்கக் கூடும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். 'விறைப்பு' என்ற சொல்லில் நேரும் குழப்பம் அப்படியல்ல. "கால் விறைச்சுப் போச்சு" என்று ஈழத்தவர் சொன்னால், கால் உணர்ச்சியற்று மரத்துப் போய்விட்டது என்பதே பொருள். தமிழ்நாட்டில் அதே சொல் பெரும்பாலும் மடக்க முடியாத இறுக்கத்தைக் குறிக்கும். முன்னது நரம்பு அமுக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். பின்னது பல வேளைகளில் தசைப்பிடிப்பு மட்டுமே. இரண்டுக்கும் வைத்தியர் எடுக்கும் நடவடிக்கை வேறு.

முதுகுவலியை எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ ஸ்கானும் அளந்து காட்டுவதில்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே முதல் சான்று. ஆகவே, காயம் பட்டு ஆண்டுக்கணக்கில் முதுகுவலியோடு வாழ்பவர், வலியைப் பற்றித் தெரிந்து கொள்வதோடு அதைச் சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அவ்விரண்டையும் பற்றியது. வைத்தியரின் ஆலோசனைக்கு இது மாற்றல்ல.

யாருக்கு வருகிறது?

கிழக்கு இலண்டனில் ரெட்பிரிட்ஜ் நகரசபைக்கு உட்பட்ட இல்ஃபோர்ட், ஈஸ்ட் ஹாமைப் போலவே தமிழர் பலர் வாழும் இடம். கடை, பெட்ரோல் நிலையம், பண்டகசாலை, முதியோர் பராமரிப்பு, பொதி விநியோகம் என்று நம்மவர் செய்யும் வேலைகளில் பல முதுகைக் கேட்கும் வேலைகள். அரிசி மூட்டையைக் குனிந்து தூக்கித் திரும்பும்போது 'க்ளிக்' என்று பிடித்துக் கொண்டது, படுக்கையில் இருந்தவரைப் புரட்டும்போது இழுத்துக் கொண்டது, வாகனத்தில் பின்னால் வந்து இடித்தது என்று தொடக்கம் பலவிதம்.

இன்னொரு பிரிவினரும் உண்டு. 1983 முதல் 2009 வரையான போரில் ஷெல் வீச்சில் காயப்பட்டவர்கள், தடுப்புக் காவலில் அடித்தும் கட்டித் தொங்கவிட்டும் வதைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய முதுகுவலியின் தொடக்கம் இலண்டனில் இல்லை. அதைப் பற்றி அவர்கள் வீட்டில் கூடப் பேசுவதில்லை.

காயம் வேறு, வலி வேறு

எலும்பும் தசைநாரும் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஆறிவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் வலி நீடித்தால் அல்லது திரும்பத் திரும்ப வந்தால் அதை 'நாட்பட்ட வலி' என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 11 ஆவது நோய் வகைப்பாட்டில் (2022 இல் நடைமுறைக்கு வந்தது) நாட்பட்ட வலிக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ளன.

ஆறிய பின்னும் ஏன் நோகிறது? 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் 'வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை' வெளியிட்டனர். காயத்திலிருந்து மூளைக்கு வலி நேர்க்கம்பியில் ஓடுவதில்லை. முண்ணாணில் ஒரு வாயில் இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகள் அதைத் திறக்கவோ மூடவோ செய்யும் என்பது அதன் சாரம். அதற்கு முன்னரே, இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த சிப்பாய்களை ஆராய்ந்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், கடுங்காயம் பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிநிவாரணி வேண்டாம் என்றதை 1946 இல் எழுதியிருந்தார். காயத்தின் பருமனும் வலியின் பருமனும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

நாட்பட்ட வலியில் நடப்பது இதன் மறுபக்கம். நரம்புத் தொகுதி மாதக்கணக்கில் எச்சரித்து எச்சரித்துப் பழகி, சிறு அசைவுக்கும் பெருங்குரல் எழுப்புகிறது. சமையலறையில் தோசை கருகினாலே அலறும் புகை எச்சரிக்கைக் கருவியைப் போல. அலறல் உண்மையானது, காதைப் பிளப்பது. ஆனால் வீடு எரியவில்லை. நித்திரைக் குறைவும் மனக்கவலையும் தனிமையும் அந்தக் கருவியை மேலும் கூர்மையாக்கும். "வலி உங்கள் மனதில்தான்" என்று இதைச் சிலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். வலி நரம்பில் நிகழ்கிறது, முழுக்க உண்மையானது. அது இப்போது சேதத்தின் அளவுகோலாக இல்லை, அவ்வளவுதான்.

ஸ்கான் சொல்வதும் சொல்லாததும்

"டிஸ்க் விலகியிருக்கிறது" என்ற ஒரு வரியோடு வாழ்நாள் முழுவதும் குனியப் பயந்து வாழ்பவர்கள் உண்டு. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கான்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015 இல் வெளியானது. இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் ஐம்பது வயதினரில் 80 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்வு காணப்பட்டது. தலைநரையைப் போல வயதோடு வரும் மாற்றங்களும் ஸ்கானில் தெரியும்; அவற்றையே வலிக்குக் காரணமென்று முடிவு செய்துவிட முடியாது. இதனால்தான் இங்கே குடும்ப வைத்தியர்கள் கேட்டவுடன் ஸ்கானுக்கு அனுப்புவதில்லை.

ஸ்கானில் ஒன்றும் தெரியாவிட்டால் வலி பொய் என்றும் ஆகாது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐக்கிய நாடுகளின் இஸ்தான்புல் நெறிமுறை (1999, திருத்திய பதிப்பு 2022), உடலில் அடையாளம் இல்லாதது சித்திரவதை நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்கிறது. இலண்டனில் 1985 இல் 'மெடிக்கல் ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் தொடங்கி, 2011 முதல் 'ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்' என்று வழங்கும் அமைப்பு, இப்படி வதைபட்டவர்களுக்குச் சிகிச்சையும் மருத்துவ அறிக்கையும் அளித்து வருகிறது. ஈழத்தமிழர் பலர் அங்கு சென்றிருக்கிறார்கள்.

உடனே ஓட வேண்டிய வேளை

முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் குதிரை வாலைப் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. அக்கற்றை அமுக்கப்பட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. சிறுநீர், மலக் கட்டுப்பாடு நிரந்தரமாக இழக்கப்படலாம். அறிகுறிகள் இவை: மலவாயிலைச் சுற்றியும் தொடைகளின் உட்பக்கத்திலும் உணர்ச்சி இல்லாமை, சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது தெரியாமல் போதல், மலம் அடக்க முடியாமை, பாலுறுப்பில் உணர்ச்சி குறைதல், இரு கால்களிலும் வலியோ பலவீனமோ புதிதாக வருதல் அல்லது கூடுதல். இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், போக வழியில்லையேல் 999 ஐ அழைக்க வேண்டும். இல்ஃபோர்ட்காரர்களுக்கு அருகில் இருப்பவை குட்மேஸில் உள்ள கிங் ஜோர்ஜ் வைத்தியசாலையும் ரொம்ஃபோர்டில் உள்ள குவீன்ஸ் வைத்தியசாலையும்.

இவ்விடத்தில்தான் 'விறைப்பு' என்ற சொல் உயிர்நிலையாகிறது. வெட்கத்தால் "கீழே ஒரு மாதிரி இருக்குது" என்று நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. "துடைக்கும்போது தொடுவது தெரியவில்லை" என்று அப்படியே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, பெரிய விழுகைக்குப் பின்னான கடும் வலி ஆகியவற்றையும் வைத்தியரிடம் தாமதமின்றிக் கூற வேண்டும்.

படுக்கையும் நடையும்

"நல்லா ஓய்வெடுங்கோ" என்பது நம் வீடுகளில் அன்போடு சொல்லப்படுவது. 1995 இல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, புதிதாக முதுகுவலி வந்தவர்களை மூன்றாகப் பிரித்தது: இரண்டு நாள் படுக்கை, பயிற்சிகள், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டம். விரைவாகத் தேறியவர்கள் மூன்றாவது குழுவினர். 2024 இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்டிருந்த 701 பேரில் ஒரு பகுதியினருக்குப் படிப்படியான நடைப்பயிற்சி தரப்பட்டது. வலி திரும்ப வருவதற்கான இடைக்காலம் நடக்காதவர்களுக்கு 112 நாட்களாகவும், நடந்தவர்களுக்கு 208 நாட்களாகவும் இருந்தது. செலவில்லாத வைத்தியம். இல்ஃபோர்டில் வலன்டைன்ஸ் பூங்கா இருக்கிறது. மழை நாளில் அங்காடிக்குள் நடந்தாலும் நடைதான்.

ஆனால் நடப்பதிலும் ஒரு கணக்கு வேண்டும். நோவு குறைந்த நாளில் வீடு முழுவதும் கூட்டித் துடைத்து, விருந்துக்கு நூறு வடை சுட்டு, அடுத்த மூன்று நாள் எழும்ப முடியாமல் படுப்பது நம்மவரிடம் பொதுவான வழக்கம். இதற்கு மாற்று, அளவிட்டுச் செய்தல். கூடாத நாளிலும் செய்யக்கூடிய அளவு எதுவோ அதைக் கண்டுபிடிப்பது. பத்து நிமிட நடை என்றால் நல்ல நாளிலும் பத்தே நிமிடம். ஒரு வாரம் கழித்து ஓரிரு நிமிடம் கூட்டுவது. வலியைப் பார்த்து நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதே சூட்சுமம். செயின்ட் தோமஸ் போன்ற பெரிய இலண்டன் வைத்தியசாலைகளில் நடக்கும் வலி முகாமைத்துவ வகுப்புகளில் இயன்மருத்துவர், உளவியலாளர், வைத்தியர் சேர்ந்து கற்பிப்பவற்றில் இதுவும் ஒன்று. குடும்ப வைத்தியர் மூலம் கேட்கலாம்.

மாத்திரையும் தைலமும்

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் 'நைஸ்' நிறுவனம் கீழ்முதுகு வலிக்கு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. பரசிற்றமோலை மட்டும் கொடுப்பதையும், இடுப்புப் பட்டியையும், இழுவைச் சிகிச்சையையும், அக்குபங்சரையும் அது பரிந்துரைக்கவில்லை. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஓபியம் சார்ந்த மருந்துகள் வேண்டாம் என்றது. பயிற்சியை முன்னிறுத்தியது, பிடித்துவிடுதல் போன்றவற்றைப் பயிற்சியோடு சேர்த்து மட்டும் ஏற்றது. கடையில் வாங்கும் கோடீன் கலந்த மாத்திரைகளைத் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, பழக்கமாகிவிடும். பிரகபாலினும் கபபென்டினும் 2019 ஏப்ரல் முதல் பிரித்தானியாவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது; வைத்தியரோடு பேசிச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

சித்தாலேபவும் கோடாலித் தைலமும் சுடுதண்ணீர் ஒத்தடமும்? சற்று நேரம் இதம் தரும். அந்த இதமான அரை மணி நேரத்தில் எழுந்து நடந்தால் தைலம் தன் வேலையைச் செய்தது. பூசிக்கொண்டு படுத்தே இருந்தால் இல்லை. ஊரிலிருந்து வரும் பெயர் தெரியாத குளிகைகளைப் பற்றி வைத்தியருக்குச் சொல்லிவிட வேண்டும்.

வேலையும் படிவமும்

வேலையிடத்தில் அடிபட்டால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்வது முக்கியம். முதல் ஏழு நாள் சுகவீனத்தை நாமே அறிவிக்கலாம்; அதற்கு மேல் 'ஃபிட் நோட்' வேண்டும். 2022 ஜூலை முதல் தாதியர், இயன்மருத்துவர், மருந்தாளர் ஆகியோரும் அதை வழங்கலாம். 'மாற்றங்களோடு வேலை செய்யலாம்' என்று எழுதும் வசதியும் அதில் உண்டு. இருக்கை, குறைந்த பாரம், இடைவேளை என்று கேட்கலாம். பாதிப்பு கணிசமானதாகவும் 12 மாதங்களுக்கு மேல் நீடிக்கக் கூடியதாகவும் இருந்தால், நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமையை 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் முதலாளி மீது சுமத்துகிறது. நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு. யார் பிழை என்று பாராமல் தரப்படும் தொழில்சார் காய உதவித்தொகையும் உண்டு; ஆனால் அது சம்பளத்துக்கு வேலை செய்தவர்களுக்கு. சொந்தக் கடை நடத்தும் நம்மவர்களுக்குக் கிடையாது.

2013 இல் அறிமுகமான 'பிப்' உதவித்தொகைக்கான படிவத்தில்தான் நம் பண்பாடு நமக்கு எதிராக நிற்கிறது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று பழகிய வாய். ஒரு செயலை ஒரு தடவை செய்ய முடியுமா என்று மட்டும் அங்கே பார்ப்பதில்லை. பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்பதே கேள்வி. மிகைப்படுத்த வேண்டியதில்லை, குறைத்துச் சொல்லவும் வேண்டியதில்லை.

வலிக்கு ஒரு சொற்பட்டியல்

மேலே சொன்ன மெல்சாக் 1975 இல், மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில், நோயாளிகள் பயன்படுத்தும் 78 சொற்களை 20 வகைகளாக அடுக்கி ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். 'எவ்வளவு' நோகிறது என்பதோடு 'எப்படி' நோகிறது என்பதும் நோயறிய உதவும் என்பது அவர் துணிபு. தமிழில் இச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. சந்திப்புக்கு முன் இவற்றில் பொருந்துவதைக் குறித்துக்கொண்டு போகலாம்:

உளைவு: ஆழத்தில், விடாமல், களைப்போடு வரும் நோவு.
பிடிப்பு: அசைந்தால் இறுகிப் பிடிப்பது, தசையைச் சார்ந்ததாக இருக்கலாம்.
எரிவு, மின்சாரம் அடித்தது போல் இழுப்பு: இடுப்பிலிருந்து காலுக்கு ஓடினால் நரம்பு சார்ந்ததாக இருக்கலாம், எந்த விரல் வரை ஓடுகிறது என்றும் சொல்ல வேண்டும்.
விறைப்பு: தொட்டால் தெரியவில்லையா, மடக்க முடியவில்லையா என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.
குத்து: எந்த அசைவில், எவ்வளவு நேரம் என்பதோடு.

நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஈழத்தமிழா தமிழ்நாட்டுத் தமிழா என்றும் குறிப்பிடலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. மகளின் முன் தந்தை சிறுநீரைப் பற்றியோ தடுப்புக் காவலைப் பற்றியோ பேச மாட்டார்.

பேசவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979 இல் வகுத்த வலியின் வரைவிலக்கணத்தை 2020 இல் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலி என்று கூறினால் அதை மதிக்க வேண்டும் என்றும், சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் குறிப்புச் சேர்த்தது. வைத்தியருக்கு எழுதப்பட்ட அக்குறிப்பு வீட்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். "இன்னுமா நோகுது?" என்று கேட்பதை விட, "இன்றைக்கு எப்படி நோகுது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பின் பத்து நிமிடம் கூட நடந்து வருவது நோயாளிக்கு உதவும்.