ஆணியும் ஆணிப்பொன்னும்

இரும்பால் இயன்ற சிறு கருவியொன்றின் பெயர், பொன்னுக்கும் முத்துக்கும் உயர்வு கூறும் அடையாக வழங்குதல் வியப்பிற்குரியது. மரத்தோடு மரத்தைப் பிணிப்பது ஆணி. மாற்றுயர்ந்த பொன் ஆணிப்பொன். குற்றமற்ற முத்து ஆணிமுத்து. இவை ஒரு சொல்லின் பொருட்கிளைகளா, ஒலியால் ஒத்த இருவேறு சொற்களா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

ஆணியின் பழைய ஆட்சிகளுள் தலைமையானது தேருறுப்பைக் குறிப்பதாகும். வினைத்திட்பம் என்னும் அதிகாரத்துள் வள்ளுவர் (குறள் 667) உருவால் சிறியோரும் அச்சாணிபோல் இன்றியமையாதவராதல் கூடும் என உணர்த்துகிறார். இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்திலும் (1.35) இச்சொல் தேரின் அச்சாணியையே குறிக்கின்றது. எம்மொழி எம்மொழிக்கு இதனை வழங்கிற்று என்பதில் அறிஞர் ஒருமித்திலர்.

அச்சாணி, கடையாணி, சுள்ளாணி என்பன பிணிக்கும் தொழிலுடையன. எழுத்தாணியோ எதனையும் பிணிப்பதன்று, ஓலையைக் கீறுவது. ஆணிவேரும் காலில் தோன்றும் ஆணியும் உருவ ஒப்புமையால் பெயர் பெற்றன. எனவே கூர்த்து நீண்ட வடிவமே இச்சொல்லின் அடிப்படை என்பது போதரும். பிணிக்கும் தொழில் அதன் பயன்களுள் ஒன்றே.

இனி ஆணிப்பொன்னை நோக்குவோம். முதல் இராசராசன் காலத்துத் (985–1014) தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களில் பொன்னின் மாற்றளவை தண்டவாணி எனப்படுகின்றது. இதனை வாணி எனப் பிரித்து, வர்ணம் என்னும் வடசொல்லின் திரிபாகக் கொள்ளுதல் கூடும். உயர்ந்த பொன்னை இந்தியில் பாரஹ்பானீ என்பது இதற்குத் துணையாகும். ஆயின் மரம், அடி என்பன மரவடி என்றாதல் போலத் தண்டம், ஆணி என்பனவும் மகரங் கெட்டு வகர உடம்படுமெய் பெற்றுத் தண்டவாணி எனப் புணரும். ஆதலின் கல்வெட்டுச் சொல் ஒன்றே கொண்டு முடிவு காண இயலாது.

முடிவுக்கு உதவுவன வேறிரண்டு. முதலாவது, இராசராசனுக்கு முற்பட்ட பெரியாழ்வார், கண்ணனின் தொட்டில் ஆணிப்பொன்னால் இயன்றதெனப் பாடுகிறார். அங்கு வகரம் இல்லை. மொழிமுதல் வகரம் கெடுதல் தமிழின் பொதுவிதியும் அன்று. இரண்டாவது, பொற்கொல்லரின் உரையாணி. மாற்றறிந்த பொன்னாலான இவ்வாணியையும் சோதிக்கும் பொன்னையும் கட்டளைக்கல்லில் உரைத்து, கோடுகளின் நிறத்தை ஒப்பிடுவர். நுனியில் பொன் துணுக்குப் பொருத்திய பித்தளை ஊசிகளால் இவ்வாறு மாற்றறியும் முறையை, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் தம் அயினி அக்பரியில் விரித்துரைக்கிறார். அளவையாக நின்ற ஆணியின் பெயர், அவ்வளவைக்கு ஒத்த பொன்னுக்கு அடையாயிற்று என்பதே எம் கருத்து.

முத்தைக் கல்லில் உரைத்தல் இல்லை. ஆகவே ஆணிமுத்து என்பது பொன்வழி வந்த விரிவெனல் வேண்டும். கன்னடத்தில் ஆணிமுத்து என்றும் தெலுங்கில் ஆணிமுத்யம் என்றும் வழங்குதலின், இவ்விரிவு தமிழகத்தோடு அமையவில்லை என்பது விளங்கும்.

இதனால் பெறப்படும் பயன் ஒன்றுண்டு. ‘ஆணித்தரமாகக் கூறினார்’ என்புழி, ஆணியை அறைந்தாற் போன்ற உறுதியையே பலரும் கருதுவர். தரம் என்னும் ஈற்றுச்சொல் அங்ஙனம் கொள்ள இடந்தரவில்லை. அது மாற்றின் தரத்தையே நினைப்பூட்டுகின்றது. உரைத்துப் பார்த்தபின்னும் மாற்றுக் குறையாத சொல்லே ஆணித்தரமான சொல். ஆராய்ச்சியாளர்க்கு அறையும் ஆணியினும் உரைக்கும் ஆணியே வேண்டுவதாகும்.