கருவில் ஓடும் ரத்தமும் நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபும்



பிரசவ விஷயத்தை ஒரு என்ஜினீயர் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். இந்த வரலாற்றில் நம்ம ஆட்களுக்கும் பங்கு உண்டு.

தாய்க்கு ஆர்.எச். நெகட்டிவ், முதல் பிள்ளைக்கு பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயிடம் கலந்தால், தாயின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். அடுத்த கர்ப்பத்தில் அது நஞ்சுக்கொடி வழியே போய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். சோகை முற்றி, உடம்பில் நீர் கோத்து, பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிடலாம். "தலைப்பிள்ளைக்கு அப்புறம் ஒண்ணும் தங்கலை" என்று நம்ம பக்கத்து ஆச்சிகள் பெருமூச்சு விட்ட வீடுகள் சிலவற்றில் இதுவே நடந்திருக்கும். 1940-ல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்.எச். காரணியை அறிவிக்கும்வரை பழியெல்லாம் தாய் மேலே, இல்லாவிட்டால் ஜாதகத்து மேலே.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் டாக்டர் வில்லியம் லைலி, பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, அது ஒளியை உறிஞ்சும் அளவை வைத்துச் சோகையைக் கணிக்கும் வரைபடத்தை 1961-ல் வெளியிட்டார். பிறகு எக்ஸ்ரே துணையோடு கருவிலேயே ரத்தம் ஏற்றிப் பார்த்தார். மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவது, 1963-ல் உயிரோடு பிறந்தது.

வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் நம்ம கல்லூரியைத் தொடங்கியது 1952. அடுத்த மூன்றாம் வருஷம், ஸ்காட்லாந்தில் டாக்டர் இயன் டொனால்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். வெல்டிங்கில் விரிசல் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை, அறுவை செய்தெடுத்த கட்டிகள் மேலே வைத்துச் சோதித்தார். அதிலிருந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஸ்கேனை உருவாக்கியவர் டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினீயர். 1958-ல் கட்டுரை வெளியானது.

அடுத்த திருப்பம் 2000-ல். சோகை வந்தால் ரத்தம் நீர்த்துப்போகும், இதயமும் அதிகமாக இறைக்கும். ஆகவே ஓட்டம் வேகமாகும். எண்ணெயையும் தண்ணியையும் குழாயில் விட்டுப் பார்த்த நமக்கு இது புதுசா? ஜியான்கார்லோ மாரி குழுவினர், பிள்ளையின் மூளைக்குப் போகும் நடுத் தமனியில் டாப்ளர் ஸ்கேனால் வேகத்தை அளந்தார்கள். அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல் 1.5 மடங்குக்கு மேலே போனால் எச்சரிக்கை. 111 கருக்களில் நடுத்தர, கடுமையான சோகை ஒன்றைக்கூட அது தவறவிடவில்லை. இல்லாததைச் சில தடவை இருப்பதாகச் சொன்னது. பரிசோதிக்க மட்டும் ஊசி குத்தும் தேவை பெரிதும் குறைந்தது. சிகிச்சைக்கு, ஸ்கேனில் பார்த்தபடியே தொப்புள்கொடி நரம்பில் ரத்தம் ஏற்றுகிறார்கள். டெல்லி எய்ம்ஸிலும் சென்னையின் கரு மருத்துவ மையங்களிலும் இது நடக்கிறது.

வராமல் தடுப்பதோ அதைவிடச் சுலபம். 1968-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆன்டி-டி ஊசியை, கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலும், பிறந்தது பாசிட்டிவ் பிள்ளை என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் போட வேண்டும். கரு கலைந்தாலும் டாக்டரிடம் கேட்க மறக்கக் கூடாது. எதிர்ப்பொருள் உண்டான பிறகு போட்டுப் பயனில்லை.

தம்பிகளே, தங்கைகளே, உங்க ரத்த வகையைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. ஓ நெகட்டிவ் உள்ளவங்க ரத்த வங்கியில் பெயர் கொடுத்து வையுங்க. கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்றுவது பெரும்பாலும் அந்த ரத்தம்தான்.